நாள் தாண்டிய கர்ப்பம்: யாருக்குச் சிக்கல் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

தாரகை_மகப்பேறு கேட்டது:

முதுநிலை ஆய்வுக்கு ஒரு கணிப்பு மாதிரி உருவாக்கலாம் என்று இருக்கிறேன். 40 வாரம் முடிந்தும் வலி வராதவர்கள், ஒற்றைக் கரு, தலை கீழே இருப்பது, முன்பு சிசேரியன் ஆகாதவர்கள் மட்டும். என்எஸ்டி (குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் சோதனை), ஏஎஃப்ஐ (பனிக்குட நீரின் அளவுக் குறியீடு), டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) சிபிஆர் என்ற மூளை-தொப்புள் ரத்த ஓட்ட விகிதம், பிஷப் ஸ்கோர் (கருப்பைவாய் எவ்வளவு பதமாக இருக்கிறது என்ற மதிப்பெண்), ஸ்கேனில் வரும் எடை, தாயின் வயது, பிஎம்ஐ, தலைப்பிரசவமா என்பது, இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு மதிப்பெண். குழந்தை வயிற்றிலேயே இறப்பது, என்ஐசியு (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) சேர்க்கை, மெகோனியம் (குழந்தையின் முதல் மலம்) கலந்த நீர், சிசேரியன் ஆகியவற்றில் எது நடந்தாலும் அதைச் 'சிக்கல்' என்று எடுத்துக்கொள்ளத் திட்டம். கிடைக்கக்கூடியவர்கள் சுமார் 500 பேர்.

இந்தக் காரணிகளில் எதற்கு உண்மையிலேயே பலம் உண்டு? இந்த வடிவமைப்பு தேறுமா? இன்னொன்று, 41 வாரத்தில் எல்லாச் சோதனையும் நார்மல் என்று வந்தவரிடம் 'இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்' என்று சொல்ல அந்த முடிவுகள் எந்த அளவுக்கு இடம் கொடுக்கின்றன?

---

ஏழாம்_அறை பதில்:

தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். நாள் தாண்டிவிட்டது என்று வருபவர்களில் கணிசமானோருக்கு நாள் தாண்டியிருக்காது, கணக்குத்தான் தாண்டியிருக்கும். கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு (எல்எம்பி) 280 நாள் கூட்டுவது என்பது, சுழற்சி 28 நாள், முட்டை 14ஆம் நாள் வெளியேறும் என்ற அனுமானத்தில் நிற்கிற கணக்கு. 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை வெளியேறுவதே ஒரு வாரம் தள்ளித்தான். எல்எம்பி கணக்கு 41 வாரம் என்று காட்டும்போது அந்தக் கரு 40 வாரக் கரு.

முதல் மூன்று மாதத்தில் தலை முதல் பிட்டம் வரை நீளம் அளந்த ஸ்கேன் இருந்தால் அதையும் எல்எம்பியையும் ஒப்பிடுங்கள். 8 வாரம் 6 நாள் வரை எடுத்த ஸ்கேன் என்றால் 5 நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியை எடுக்க வேண்டும். 9 முதல் 15 வாரம் 6 நாள் வரை 7 நாளுக்கு மேல். 16 முதல் 21 வாரம் 6 நாள் வரை 10 நாளுக்கு மேல். 22 முதல் 27 வாரம் 6 நாள் வரை 14 நாளுக்கு மேல். 28 வாரத்துக்குப் பிறகுதான் முதல் ஸ்கேனே என்றால் 21 நாளுக்கு மேல் வேறுபட வேண்டும். அந்தக் கடைசி வகையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வளர்ச்சி குன்றிய குழந்தையும் சிறியதாகத்தான் தெரியும். அதைப் பார்த்து 'தேதி தப்பு, இன்னும் மூன்று வாரம் இருக்கிறது' என்று தள்ளிவைத்தால், சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டிய குழந்தையையே காத்திருக்க வைத்ததாகிவிடும். ஒருமுறை சரியாக நிர்ணயித்த தேதியைப் பின்னால் எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மாற்றிக்கொண்டே போவதும் இதே தவறுதான். உங்கள் தரவுப் படிவத்தில் 'தேதி எதிலிருந்து வந்தது' என்று ஒரு கட்டம் வையுங்கள். வாரத்தை முழு எண்ணாக்காமல் நாள் கணக்கில் எழுதுங்கள்.

அடுத்தது, நீங்கள் 'சிக்கல்' என்று ஒரே பெட்டியில் போட்டது ஒரே நோயல்ல. நாள் தாண்டும்போது இரண்டு வழியாகப் பிரச்சினை வருகிறது. ஒன்று, நஞ்சுக்கொடியின் கையிருப்பு குறைவது. குழந்தையின் சிறுநீர் குறைந்து பனிக்குட நீர் வற்றும், தொப்புள்கொடி அழுந்தும், மெகோனியம் கெட்டியாக நிற்கும், கொழுப்பு கரைந்து தோல் உரிந்த மெலிந்த குழந்தை பிறக்கும். இன்னொன்று, நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்வதால் குழந்தை வளர்ந்துகொண்டே போவது. தோள் சிக்குவது, ஆசனவாய்த் தசைவரை கிழிவது, பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு எல்லாம் இந்த வழி. முதல் வழியில் எடை குறைவு ஆபத்து, இரண்டாவதில் எடை கூடுதல் ஆபத்து. எடையை நேர்கோடாக ஒரே மாதிரிக்குள் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 'எடைக்குத் தொடர்பில்லை' என்ற முடிவு வரும். தொடர்பு இல்லாமல் இல்லை, வளைகோடாக இருக்கிறது.

அந்த எடை அளவிலேயே 10 முதல் 15 சதவீதம் பிழை வரலாம். தோள் சிக்குவதில் பாதிக்குப் பாதி 4000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளிடம்தான் நடக்கிறது. எனவே இரண்டாவது வழியை ஸ்கேன் எடையை வைத்துக் கணிப்பது பலவீனமான வேலை.

பலம் எதற்கு என்று கேட்டீர்கள். என் வரிசை: உண்மையான கர்ப்ப நாள், குழந்தை சிறியதா என்பது, தாயின் பின்னணி, அதன் பிறகுதான் சோதனைகள். தலைப்பிரசவம், 40க்கு மேல் வயது, பிஎம்ஐ 30க்கு மேல், புகைப்பழக்கம் ஆகியவை குழந்தை வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களை இந்தப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். அவர்களுக்குப் பிரசவ நாளை அந்த நோய்தான் தீர்மானிக்க வேண்டும், 41 வாரம் வரை வந்திருக்கவே கூடாது.

என்எஸ்டி எங்கே நிற்கிறது என்றால்: 20 நிமிடத்தில், நிமிடத்துக்கு 15 துடிப்பு உயர்ந்து 15 விநாடி நிற்கும் ஏற்றம் இரண்டு இருந்தால் ரியாக்டிவ். ஏற்றம் இல்லை என்றால் உடனே பதற வேண்டாம், தூங்கும் குழந்தைக்கும் கோடு தட்டையாகத்தான் வரும், 40 நிமிடம் வரை ஓட்டுங்கள். ஒலி அதிர்வுக் கருவி இருந்தால் 1 முதல் 3 விநாடி வைத்து எழுப்பலாம். தாயின் நாடியைக் கையில் பிடித்துக்கொண்டே பாருங்கள், கருவி சில நேரம் தாயின் துடிப்பைப் பதிந்துவிடும். ரியாக்டிவ் என்று வந்தபின் ஒரு வாரத்துக்குள் குழந்தை இறப்பது 1000க்கு 1.9, நீரின் அளவையும் சேர்த்துப் பார்த்தால் 0.8 என்பது பொதுவாகக் கையாளப்படும் எண்கள். நல்ல எண்கள்தான். ஆனால் சோதனை சொல்வது 'இந்த நேரத்தில் ஆக்சிஜன் போதுகிறது' என்பதை மட்டும். திடீரென்று கொடி அழுந்துவதையோ நஞ்சுக்கொடி பிரிவதையோ அது முன்கூட்டிச் சொல்லாது. 2021இல் வந்த பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதலும், கண்காணிப்பு அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும், முடிந்தபின் என்ன நடக்கும் என்பதை நம்பகமாகக் கணிக்காது என்றுதான் சொல்கிறது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதிலும் அதுதான்.

---

அலைமானி பதில்:

ஸ்கேன் பக்கத்திலிருந்து. ஏஎஃப்ஐயை விடுங்கள், ஒரே ஆழமான பை அளவை (நீர் அதிகம் தேங்கிய ஓர் இடத்தின் செங்குத்து ஆழம்) எடுங்கள். 2 செ.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் நீர் குறைவு. ஏஎஃப்ஐ 5 செ.மீ. என்ற கோட்டை வைத்தால் 'தண்ணி கம்மி' என்று பெயர் வாங்குபவர்கள் கூடுகிறார்கள், அதனால் வலி வரவழைப்பதும் சிசேரியனும் கூடுகின்றன. குழந்தைகளின் நிலைமை மட்டும் அதனால் தேறவில்லை. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

அளக்கும்போது புரோபைத் தரைக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள், தாயின் வயிற்றுச் சரிவுக்குச் செங்குத்தாக அல்ல. பை குறைந்தது 1 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். உள்ளே கையோ காலோ கொடி வளையமோ இருக்கக் கூடாது. கலர் டாப்ளரைப் போட்டுக் கொடியைத் தேடிக்கொண்டே அளப்பவர்கள் கவனிக்கவும்: கருப்பு வெள்ளையில் நீராகத் தெரிந்த இடமெல்லாம் கலரில் கொடியாகிவிடும், பையின் அளவு சுருங்கும், நீர் குறைவு என்று தவறாக எழுதுவோம். 2 செ.மீ. என்ற வரம்பு கருப்பு வெள்ளைப் படத்தில் அளந்து வந்தது. ஒரு ஆய்வில் மூன்று பேர் மூன்று விதமாக அளந்தால் உங்கள் மாதிரி சிக்கலைக் கணிக்காது, யார் ஸ்கேன் செய்தார் என்பதைத்தான் கணிக்கும்.

டாப்ளர்: நாள் தாண்டிய, சரியான எடையுள்ள குழந்தையில் தொப்புள் தமனி மட்டும் பார்த்துப் பெரிய பயனில்லை. நஞ்சுக்கொடியின் கணிசமான பகுதி கெட்ட பிறகுதான் அதில் தடை ஏறும். முழுமாதத்தில் வரும் பற்றாக்குறையில் அது நார்மலாகவே இருக்க, மூளைத் தமனி மட்டும் விரிந்து பிஐ (ரத்த ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் எண்) குறையும். சிபிஆர் என்பது மூளைத் தமனி பிஐயைத் தொப்புள் தமனி பிஐயால் வகுப்பது, ஆகவே இந்தச் சின்ன மாற்றம் அதில் தெரியும். 1க்குக் கீழ் போனால் பிரசவத்தின்போது குழந்தை தாங்காமல் போகும் வாய்ப்பு கூடும். ஆனால் தனியாக அதை வைத்து முடிவெடுக்கும் அளவுக்குத் துல்லியம் இல்லை. 1 என்ற ஒரே வெட்டுக்கோட்டைவிட அந்தந்த வாரத்துக்கான சதமானத்தைக் குறியுங்கள், ஏனென்றால் கடைசி வாரங்களில் இயல்பாகவே சிபிஆர் இறங்குகிறது.

எடுக்கும் முறை: தலையில் புரோபை அழுத்தாதீர்கள், அழுத்தினால் மூளைத் தமனியின் அளவு மாறிவிடும். பெரிய தமனியிலிருந்து கிளைக்கும் இடத்துக்கு அருகே, முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் கேட் (ஓட்டத்தை அளக்கும் இடத்தைக் குறிக்கும் கட்டம்) வையுங்கள், கோணம் சுழியத்தை ஒட்டி. தொப்புள் தமனிக்கு மிதக்கும் வளையம் ஒன்றை எடுங்கள், குழந்தையின் வயிற்றை ஒட்டிய இடத்தில் பிஐ கூடுதலாக வரும். குழந்தை மூச்சசைவு செய்யும்போது எடுத்த அலை செல்லாது. ஒரே மாதிரி அலைகள் தொடர்ச்சியாக மூன்றாவது வேண்டும்.

---

எண்ணும்_எழுத்தும் பதில்:

வடிவமைப்பு பற்றி. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன்.

500 பேரில் குழந்தை வயிற்றில் இறப்பதைக் கணிக்க முடியாது. 2019இல் வெளியான, ஒன்றரைக் கோடி கர்ப்பங்களைத் தொகுத்த பகுப்பாய்வில் அந்த ஆபத்து 37 வாரத்தில் 1000க்கு 0.11, 42 வாரத்தில் 1000க்கு 3.18. 40இலிருந்து 41க்குத் தள்ளினால் 1449 பேருக்கு ஒரு இறப்பு கூடுகிறது. உங்கள் 500இல் ஒன்று வரலாம், வராமலும் போகலாம். அதை வைத்து எந்தக் குணகத்தையும் (ஒரு காரணியின் பங்கைக் காட்டும் எண்) மதிப்பிட முடியாது.

பெரிய தரவு இருந்தாலும் கணக்கு இப்படித்தான் போகும். 10,000 பேர், அதில் 10 இறப்பு என்று வையுங்கள். சோதனையின் உணர்திறன் (சிக்கல் வருபவரைப் பிடிப்பது) 50 சதவீதம், குறிப்புத்திறன் (வராதவரை வராது என்று சொல்வது) 90 சதவீதம். 10இல் 5 பேரைப் பிடிக்கும். மீதி 9,990 பேரில் 999 பேரைச் சும்மா பயமுறுத்தும். பாசிட்டிவ் வந்த 1,004 பேரில் உண்மையானது 5, அதாவது அரை சதவீதம். அதே சோதனையை 10 சதவீதம் பேருக்கு வரும் விளைவுக்குப் பயன்படுத்தினால் 1000 பேரில் 100இல் 50ஐப் பிடிக்கும், தவறாக 90 பேரைச் சொல்லும், 140க்கு 50, அதாவது 36 சதவீதம். சோதனை மாறவில்லை, அடிப்படை வாய்ப்புதான் மாறியது. அரிய விளைவுக்குக் காத்திருந்து சோதித்துப் பிடிக்கும் உத்தி தோற்பதும், நாளை வைத்து முடிவெடுக்கும் உத்தி எடுபடுவதும் இதனால்தான்.

பகுதி எண்ணையும் பாருங்கள். ஒரு வாரத்தில் இறந்த குழந்தைகளை அந்த வாரம் பிறந்தவர்களால் வகுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த வாரத் தொடக்கத்தில் வயிற்றில் இருந்த எல்லாக் கருவுக்கும் அந்த ஆபத்து இருந்தது, வகுக்க வேண்டியது அந்த எண்ணால்தான். கற்பனைக் கணக்கு: வாரத் தொடக்கத்தில் 6,000 கர்ப்பம், அந்த வாரம் 3,500 பிரசவம், 4 இறப்பு. பிறப்பால் வகுத்தால் 1000க்கு 1.14, கருக்களால் வகுத்தால் 0.67. காத்திருக்கலாமா என்று கேட்கும் தாய்க்குச் சொல்ல வேண்டியது இரண்டாவது எண்.

இனி பெரிய ஓட்டை. ஏஎஃப்ஐ குறைவு என்று பார்த்த மருத்துவர்தான் வலி வரவழைக்கிறார், அவரேதான் சிடிஜியை (பிரசவ நேரத்து இதயத்துடிப்புப் பதிவு) சந்தேகக் கண்ணோடு பார்த்துச் சிசேரியனுக்கு எழுதுகிறார். பிறகு 'ஏஎஃப்ஐ குறைவு சிசேரியனைக் கணிக்கிறது' என்று கட்டுரை வருகிறது. கணித்தது நீர் அல்ல, கையெழுத்துப் போட்டவர். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஆபத்தானவர்களைச் சரியாகக் கண்டுபிடித்து 41இலேயே பிரசவம் பார்த்துவிட்டால் அவர்களுக்குச் சிக்கல் வராது, தரவில் அந்தக் காரணி பாதுகாப்பானது போலத் தெரியும். முடிந்தால் சிபிஆர் முடிவைப் பிரசவம் பார்ப்பவரிடமிருந்து மறையுங்கள், அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். கணிக்கும் கணத்தையும் நிலையாக வையுங்கள்: 41 வாரம் 0 நாளன்று பிரசவம் ஆகாதவர்கள் எல்லோரும், அன்றைய அளவுகள், அதற்குப் பிறகான விளைவு. ஒருவருக்கு 40இலும் இன்னொருவருக்கு 41+5இலும் எடுத்த அளவைக் கலக்காதீர்கள்.

விளைவில் சிசேரியனையும் வெறும் மெகோனியத்தையும் எடுத்துவிடுங்கள். மெகோனியம் நாள் ஏறினாலே கூடும், அதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. தொப்புள் தமனி பிஎச் 7.0க்குக் கீழ், 5 நிமிட ஆப்கார் (பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்குத் தரும் மதிப்பெண்) 7க்குக் கீழ், வென்டிலேட்டர் தேவைப்பட்ட மெகோனியம் ஆஸ்பிரேஷன் (மெகோனியம் நுரையீரலுக்குள் போவது), வலிப்பு அல்லது மூளைப் பாதிப்பு, இறப்பு என்று வையுங்கள். பிஎச் எடுக்கும்போது தமனி, சிரை இரண்டிலும் எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.02க்கும் குறைவு என்றால் ஒரே குழாயிலிருந்து இரண்டுமுறை எடுத்திருக்கிறார்கள், அந்த மாதிரியைச் சேர்க்க வேண்டாம். இருபுறமும் கிளாம்ப் போட்ட கொடித்துண்டு அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் தாங்கும், அதனால் அவசரத்தில் விட்டுப்போனது என்ற சாக்கு அவ்வளவாகச் செல்லாது.

அப்படிச் சுருக்கினால் நிகழ்வுகள் இன்னும் குறையும். 5 சதவீதம் என்றால் 500க்கு 25. ஒரு குணகத்துக்கு 10 நிகழ்வு என்ற பழைய விதியைப் பிடித்தாலே இரண்டு அல்லது மூன்று காரணிதான் தாங்கும். நீங்கள் சொன்னது எட்டு. ஆகவே பல மையங்களைச் சேருங்கள், இல்லையென்றால் புதிய மதிப்பெண் செய்வதை விட்டு ஏற்கெனவே உள்ள மாதிரி ஒன்றை உங்கள் மக்களிடம் சரிபாருங்கள். முதுநிலை ஆய்வுக்கு அது மரியாதையான வேலை. தொடர் எண்களை 'குறைவு, கூடுதல்' என்று வெட்டாதீர்கள். தரவை இரண்டாகப் பிளந்து சோதிப்பதைவிட பூட்ஸ்டிராப் (அதே தரவிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துச் சோதிப்பது) செய்யுங்கள். சி-புள்ளிவிவரத்தோடு (சிக்கல் வருபவரையும் வராதவரையும் மாதிரி எவ்வளவு பிரிக்கிறது என்ற எண்) நிறுத்தாமல் அளவீட்டுப் பொருத்தமும் காட்டுங்கள், மாதிரி 10 சதவீதம் என்று சொன்னவர்களில் உண்மையில் 10 சதவீதம் பேருக்கு வந்ததா என்று. எழுதும்போது டிரைபாட் பட்டியல் (கணிப்பு மாதிரிக் கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்ற பட்டியல்) பக்கத்தில் இருக்கட்டும்.

---

தாரகை_மகப்பேறு:

விளைவையும் கணிக்கும் கணத்தையும் மாற்றுகிறேன். ஒரு சந்தேகம். சோதனைகள் இவ்வளவு பலவீனம் என்றால் 41இல் எல்லோருக்கும் வலி வரவழைக்கச் சொல்கிறீர்களா? பிஷப் ஸ்கோர் 3, 4 என்று இருப்பவர்களுக்குமா?

---

பேறுகாலச்_செவிலி பதில்:

எல்லோருக்கும் கட்டாயம் என்று யாரும் சொல்லலைங்க, எல்லோருக்கும் சொல்லிப் புரியவைக்கணும் என்பதுதான். உலக சுகாதார நிறுவனம் 41 வாரம் நிறைந்தது சந்தேகமில்லாமல் தெரிந்தவர்களுக்கு வலி வரவழைக்கப் பரிந்துரைக்கிறது. 'சந்தேகமில்லாமல்' என்ற நிபந்தனையைப் பாருங்கள், ஏழாம்_அறை சொன்ன தேதி விஷயம்தான். 2020 காக்ரேன் தொகுப்பில் (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு) வலி வரவழைத்தவர்களிடம் 4 சிசு இறப்பு, காத்திருந்தவர்களிடம் 25. ஓர் இறப்பைத் தவிர்க்க 544 பேருக்கு வலி வரவழைக்க வேண்டியிருந்தது. சிசேரியனும் கூடவில்லை, சற்றுக் குறைந்தது. 2019 ஸ்வீடன் ஆய்வு 41ஐயும் 42ஐயும் ஒப்பிட்டது, காத்திருந்தவர்களிடம் 6 இறப்பு, மறுபக்கம் ஒன்றுமில்லை என்றானதும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். 544இல் ஒருவர் என்பதைச் சிலர் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள், சிலர் காத்திருப்பேன் என்பார்கள். இரண்டுமே நியாயமான பதில்தான். காத்திருப்பவர்களுக்கு வாரம் இருமுறை என்எஸ்டியும் நீர் அளவும், 42ஐத் தாண்ட விடுவதில்லை.

பிஷப் 3, 4 என்பது 'வேண்டாம்' என்று பொருளல்ல, முதலில் கருப்பைவாயைப் பதப்படுத்த வேண்டும் என்று பொருள். ஃபோலி பலூனில் (கருப்பைவாய்க்குள் வைத்து நீர் நிரப்பும் குழாய்) 30 முதல் 60 மி.லி., அல்லது வாய்வழி மிசோப்ரோஸ்டால் 25 மைக்ரோகிராம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு மிசோப்ரோஸ்டால் கூடாது. பிஷப் 8ஐத் தொட்டால் தானாக வலி வந்தவரைப் போலவே போகும். பிஷப்பை நீங்கள் கணிப்பில் வைப்பதானால் குழந்தைக்கான சிக்கலுக்கு வைக்காதீர்கள், அதற்கும் இதற்கும் நேரடி உறவில்லை. வலி வரவழைத்தால் சாதாரணப் பிரசவம் ஆகுமா என்பதற்கு வையுங்கள். அப்போது 'தோல்வி' என்பதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும்: பனிக்குடம் உடைத்து ஆக்ஸிடோசின் (வலியைத் தூண்டும் மருந்து) ஓட ஆரம்பித்து 12 முதல் 18 மணி நேரமாவது ஆகாமல், தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்போது, தோல்வி என்று எழுதக் கூடாது. 6 மணி நேரத்தில் கைவிடும் இடத்தின் தரவும் 18 மணி நேரம் பார்க்கும் இடத்தின் தரவும் சேரவே சேராது.

41 வரை போகாமலே பார்க்கவும் வழி உண்டு. 39 வாரத்துக்குப் பிறகு, நஞ்சுக்கொடி கீழே இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, தாய் சம்மதித்தால் உறை விலக்கல் (பனிக்குட உறையைக் கருப்பைவாய் அருகே விரலால் பிரித்துவிடுவது) செய்யலாம். விரல் நுழையும் அளவு வாய் திறந்திருக்க வேண்டும். வலிக்கும், கொஞ்சம் ரத்தக்கசிவு வரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் படிவத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, குழந்தையின் அசைவு. 'அசைவு குறைந்ததா' என்று கேட்டால் பலரும் இல்லை என்று தலையாட்டுவார்கள். 'நேற்று இந்த நேரத்துக்கு இருந்ததற்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியுதா, கடைசியா எப்போ துடிச்சுது' என்று கேளுங்கள், பதில் வேறாக வரும். நாள் நெருங்கினால் அசைவு குறையும் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி நம்பவைத்திருப்பார்கள், அது தவறு. கடைசிக் கட்டத்தில் அசையும் விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. குறைந்தால் அடுத்த என்எஸ்டி நாள்வரை பொறுக்காமல் அன்றைக்கே வரச் சொல்லுங்கள், முந்தின நாள் எடுத்தது ரியாக்டிவாக இருந்தாலும் சரி.